உன் அம்மா கேட்டது தொட்டி

சாமி,

சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி அளவில், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியை இனிமேல் நீச்சல் குளம் என்று அழைப்பதில்லை, தொட்டி என்றே அழைப்பது என முடிவு செய்யப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். மாற்றுக் கருத்து எதுவும் பதிவாகவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கோப்பின் மேலட்டையில் இருந்த பழைய தலைப்பை ஒரே கோட்டில் அடித்து, அடித்தது தெரியும்படி விட்டு, பக்கத்தில் புதிய தலைப்பை எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். முப்பத்து மூன்று ஆண்டு அரசுப் பணியில் எத்தனையோ பெயர் மாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். கால்வாய் வாய்க்காலானது, வாய்க்கால் ஓடையானது, ஓடை பிறகு வீட்டுமனையானது. அவற்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடியதும் இல்லை. இந்தப் பெயர் மாற்றம் அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் போனில் சொல்லாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ பிரிஸ்பேனில் வாங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டப்போவதாகச் சொல்லி மூன்று வரைபடங்களை அனுப்பியிருந்தாய். எந்த வடிவம், எவ்வளவு ஆழம், எந்த மூலை, கான்கிரீட்டா ஃபைபரா, என்ன வடிகட்டி, என்ன நிற ஓடு என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு குரல் பதிவு. “அப்பா, நீங்க வாழ்க்கை பூரா தண்ணியோடவே இருந்தவிங்க. பாத்துச் சொல்லுங்க.” இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்திவிட்டுத்தான் மற்றதற்குப் பதில் எழுத முடியும். நான் தண்ணீரோடு இருந்ததில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜேடர்பாளையம் அணையில் ஆறு வருடம் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் எழுதினேன். பனமரத்துப்பட்டி ஏரியின் கொள்ளளவை மூன்று மாதம் உட்கார்ந்து கணக்கிட்டேன். அந்த மூன்று மாதமும் ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் கழுத்தளவு தண்ணீரில் என்னை விட்டால் நான் திரும்பி வரமாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. இது உனக்குத் தெரியும். உனக்கும் நீச்சல் தெரியாது, அது ஏன் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது.

நம் வீட்டில் நீச்சல் தெரிந்த ஒரே ஆள் உன் அம்மா. இதை நான் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, உன் மாமா பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு இறங்கி, ஒரே கோடை விடுமுறையில் குடுக்கையை அவிழ்த்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். பிறகு மோட்டார் அறையின் மேல் தளத்திலிருந்து கிணற்றுக்குள் குதிப்பாளாம். ஐம்பதடிக் கிணறு. பெரியவளானதும் கிணற்றுப் பக்கம் அனுப்பவில்லை. பிறகு அணைக்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று என்னைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஆற்றங்கரைக் குடியிருப்பில் ஆறு வருடம் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் காவிரி. ஒரு நாளும் அவள் இறங்கவில்லை. இறங்கட்டுமா என்று அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதை நான் பணிக்காலத்தில் எந்தப் பொருளில் பயன்படுத்தினேனோ அதே பொருளில் இங்கும் பயன்படுத்துகிறேன்.

உனக்கு ஏழு வயதானபோது உன்னை மாமா கிணற்றுக்கு அழைத்துப் போய் நீச்சல் பழக்கப் போவதாகச் சொன்னாள். “நானே எறங்கிப் புடிச்சுக்கறனுங்க, யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போறோம்” என்றாள். நான் கூடாது என்றேன். அந்த வருடம் அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலில் மூன்று பேரைப் பிணமாக மதகுக் கம்பியிலிருந்து எடுத்திருந்தோம். மூன்று பேருமே நீச்சல் தெரியாதவர்கள். அந்த அனுபவத்தை வைத்து, நீ நீச்சல் கற்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். இதை நான் எழுதிப் படித்துப் பார்ப்பது இதுதான் முதல் முறை. இதே காரணத்தை மதகு காக்கும் ஒரு லஸ்கர் என்னிடம் எழுதிக் கொடுத்திருந்தால் மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவளுடைய முட்டி வலி உனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற வருடம் சேலத்தில் ஒரு மூட்டு மருத்துவரிடம் காட்டினோம். அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரம் இல்லை, இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்று தினமும் அரை மணி நேரம் நடந்தால் முட்டியில் எடை இறங்காது, தசை வலுவாகும் என்றார். திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி நம் ஊருக்குப் பிரியும் இடத்தில் காரைத் திருப்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குப் பின்னால ஒரு தொட்டி கட்டுனா என்னுங்க?”

“என்ன தொட்டி?”

“பம்பு செட்டுத் தொட்டியாட்டத்தான். மாரளவு தண்ணி நின்னாப் போதும். நாம்பாட்டுக்கு எறங்கி நடந்துக்குவன். பழைய தண்ணிய தென்னைக்கு உட்டுக்கலாம்.”

“தொட்டியெல்லாம் மாடு கழுவறதுக்கு. கட்டறதுன்னா முறையா நீச்சல் குளமே கட்டிரலாம்.”

“அய்ய, அதெல்லாம் எதுக்குங்க, பத்திரிகைல போடறதுக்கா?”

“நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்.”

நான் பார்த்துக்கொண்டேன். இரண்டரை வருடம் பார்த்துக்கொண்டேன். நீ இங்கே பிறந்து வளர்ந்தவன், தொட்டி என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வந்து விழுந்து, நிறைந்து, வாய்க்காலுக்குப் போகும் செங்கல் தொட்டி. தோட்டத்துக்கு ஒன்று இருக்கும். வேலை முடித்து வருபவர்கள் அதில்தான் இறங்கிக் குளிப்பார்கள். அதைக் கட்ட வரைபடம் தேவையில்லை. மேஸ்திரி கையால் காட்டிக் கேட்பார், நாம் கையால் காட்டிச் சொல்வோம். அணைக்கட்டின் ஷட்டரைப் பிரித்து மாட்டியவன் மனைவிக்குக் கையால் காட்டித் தொட்டி கட்டினான் என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். மறுநாளே ஒரு கோப்பு தொடங்கினேன். தலைப்பு, நீச்சல் குளம்.

இனி நீ கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் நான்கு இடம் பார்த்தேன். வேப்பமரத்துக்குக் கிழக்கே நிழல் நல்லது, ஆனால் இலை விழும். தென்னை வரிசைக்குப் பக்கத்தில் வேர் வந்து சுவரைத் தள்ளும். மேற்குப் பக்கம் வைத்தால் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து காற்று அந்தப் பக்கமாக வரும் மாதங்களில் இறகு பறந்து வந்து வடிகட்டியை அடைக்கும். மீதி இருந்தது ஈசானிய மூலை. வாஸ்துப்படியும் தண்ணீருக்கு அதுதான் இடம் என்றார்கள். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. பின்னால் தணிக்கை ஆட்சேபணை வரக் கூடாது என்பதற்காக மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னதால் வேறு வழியில்லை. ஆனால் அந்த மூலையில் நம் வீட்டுக் கழிவறைத் தொட்டி இருந்தது. வீடு கட்டும்போது அதை அங்கே வைத்ததும் நான்தான். அதை இடம் மாற்றினேன். அதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள் உன் அம்மா, “குளிக்கறதுக்குத் தொட்டி கேட்டா இவரு கக்கூஸுத் தொட்டி கட்டீட்டு இருக்காருங்க” என்று மாமாவிடம் போனில் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு ஆடி வந்தது. ஆடியில் யாரும் கட்டட வேலை தொடங்குவதில்லை என்று நிறுத்தினேன். ஆவணி பிறந்ததும் ஓட்டின் நிறத்தை முடிவு செய்யாமல் தொடங்குவது சரியில்லை என்று மறுபடியும் நிறுத்தினேன். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உப்பு. கருநீல ஓட்டில் வெள்ளைப் படிவு தெரியும், வெளிர்நீலத்தில் தெரியாது. இதை முடிவு செய்ய இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு ஓட்டை வாளித் தண்ணீரில் போட்டு, மார்கழி வரை வைத்துப் பார்த்தேன். மார்கழியிலும் யாரும் தொடங்குவதில்லை.

வடிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சேலத்திலிருந்து நீச்சல் குளம் கட்டும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். கையில் இருந்த பலகைக் கணினியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப எல்லாரும் விரும்பறது கிட்னி ஷேப்புங்க சார்” என்றார்.

“கிட்னியா?” என்றாள் உன் அம்மா. “டாக்டரு எனக்கு முட்டிதான் தேஞ்சிருக்குதுன்னாரு சாமி. கிட்னி நல்லாத்தான் இருக்குது.”

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. கூட்டத்தில் நடுவே பேசக் கூடாது என்பதுபோல அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர் வந்த நாட்களில் அவள் டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மூலை வளைந்தால் அழுக்குத் தேங்காது, சதுரமாக இருந்தால் கம்பி கட்டுவது எளிது, இரண்டையும் சேர்த்து மூலை மட்டும் மழுங்கிய செவ்வகம் என்று ஒன்றை நானே வரைந்தேன். அந்தக் கம்பெனியில் அதுவரை யாரும் கேட்டதில்லையாம். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆழத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் ஏழாவது வரைபடத்தில் ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் எட்டடி. எட்டடி எதற்கு என்று நீ கேட்கலாம். நீச்சல் குளம் என்றால் ஒரு பக்கம் ஆழமாக இருக்கும். அவ்வளவுதான் என்னிடம் பதில். அந்த வரைபடத்தை உணவு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துக் குளத்தின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தொடங்கிய இடத்துக்கே விரல் வந்து நின்றது.

“ஏனுங்க, இதுல நான் எங்கீங்க எறங்கறது?”

“இதா, இந்த மூலையில. எவர்சில்வர் ஏணி. துருப் பிடிக்காது.”

“ஏணிங்களா?”

“ஆமா.”

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினாள். “செரிங்க” என்றாள். சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே இருக்கும் ஒற்றைப் படியை அவள் எப்படி இறங்குவாள் என்று உனக்குத் தெரியும். நிலையை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, முதலில் நல்ல காலை வைத்து, கொஞ்சம் நின்று, பிறகு மற்றதை. தினமும் நாலைந்து முறை என் கண்முன்னால் இறங்கினாள். ஏழு வரைபடம் போட்டேன். காற்றின் திசை இருந்தது, உப்பின் அளவு இருந்தது, கோழி இறகு இருந்தது. அந்தப் படி எதிலும் இல்லை.

அந்த நாட்களில் அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுதுகிறேன். சாயங்காலம் தென்னைக்குத் தண்ணீர் விடும்போது பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் மரத்தடி வட்டப்பாத்தியின் விளிம்பில் போட்டுக்கொள்வாள். சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு காலைப் பாத்தித் தண்ணீரில் வைத்திருப்பாள். பாத்தி நிறைந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவாள். நாற்பத்திரண்டு மரம். நான் மாடியிலிருந்து பார்ப்பேன். பார்த்து, பாத்திகள் நிறையும் வேகத்தை வைத்து நிலத்தின் சரிவைக் கணக்கிட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.

ஊராட்சிக்கு மனு, அதற்கு இணைப்பு, இணைப்பில் ஒரு கையெழுத்து விடுபட்டதால் மறுபடி மனு என்று ஒரு வழியாகப் போன புரட்டாசியில் குழி தோண்டினோம். நாலடிக்குக் கீழே சுக்கான் பாறை. எட்டடிக்குப் போக உடைக்கும் எந்திரம் வர வேண்டியிருந்தது. எந்திரக்காரர் பெரம்பலூர்ப் பக்கம் வேலையில் இருந்தார். ஐப்பசி கடைசியில் வருவதாகச் சொன்னார். காத்திருந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை குழியில் மூன்றடித் தண்ணீர். ஒரு பக்கம் லாரி இறங்குவதற்காக மண்ணைச் சரிவாக விட்டிருந்ததால் அந்தப் பக்கம் நடந்தே இறங்கலாம். கலங்கல் தெளிந்து மேலே வானம் தெரிந்தது. உன் அம்மா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, இதுலயே எறங்கிரலாமாட்ட இருக்குதுங்க.”

“என்ன பேச்சு இது? சேத்துத் தண்ணி.”

“சேறுதானுங்க. நான் பொறந்து வளந்ததே சேத்துலதான். இந்தச் சரிவுல நீங்க ஒரு கை குடுத்தாப் போதும். ஒரு பத்து நிமிசம்.”

“கீழ பாறை எப்படி இருக்குதோ. வழுக்கீட்டு என்னமாச்சும் ஆச்சுன்னா? முழுசா முடியட்டும், சுத்தமான தண்ணியில எறங்கு.”

“எப்பங்க முடியும்?”

“தைக்குள்ள முடிச்சரலாம்.”

அன்று மத்தியானமே மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டேன். அடிமண் ஊறினால் கான்கிரீட் தளம் பிறகு இறங்கும். அது பொறியியல்படி சரி. இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். அவள் அந்தச் சத்தம் கேட்டும் வெளியே வரவில்லை.

கார்த்திகையில் எந்திரம் வந்து ஒரு பக்கத்தை எட்டடிக்கு உடைத்துவிட்டுப் போனது. தை பிறந்து எட்டாம் நாள் காலை, அடுப்படியில் பால் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாமக்கல் போவதற்குள் முடிந்துவிட்டது. நீ அடுத்த நாள் வந்து சேர்ந்தாய். உனக்காக வைத்திருந்தோம். முற்றத்தில் பெஞ்சு போட்டு அவள் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் உடம்பு முழுவதும் நனைய நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு நீ கொல்லைப்புறம் போய்க் குழியைப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது?” என்றாய். அம்மாவுக்காக நீச்சல் குளம் என்றேன். நீ அழுதாய். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ச் சொன்னாய். சொன்னது பரவியது. “பொண்டாட்டி முட்டி வலின்னு சொன்னதுக்கு நீச்சல் குளமே வெட்டுன மனுசனப்பா. குடுத்து வெக்கலியே அந்தப் புண்ணியவதிக்கு” என்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். நான் மறுக்கவில்லை. நீயும் இன்று வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் வீட்டுக் குளத்துக்கு அம்மா பெயரை ஒரு கல்லில் பொறித்து வைக்கப் போவதாகக் கூடச் சொன்னாய். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. அவளுக்குக் கொடுத்து வைக்காமல் போகவில்லை. நான் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட, என்னைப் பற்றி ஓரளவு நல்ல எண்ணத்தோடு நான் காலத்தைத் தள்ளியிருப்பேன். திட்டமிடுவதில் தாமதமாகிவிட்டது, நோக்கம் நல்லது என்று எழுதி மூடியிருப்பேன். எத்தனையோ கோப்புகளை அப்படி மூடியிருக்கிறேன். சென்ற மாதம் முதல் வாரத்தில் குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்று செங்கோட மேஸ்திரியை வரச் சொன்னேன். நம் மோட்டார் அறையைக் கட்டியவர். வந்து குழியைச் சுற்றிப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“மூடீறதுங்களா சாமி? அப்ப அம்மா சொன்ன தொட்டி?”

“எந்தத் தொட்டி?”

“நாந்தான் அளவெடுத்துட்டுப் போனனுங்களே, ரண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. நீங்க அன்னைக்கு ஊட்ல இல்லீங்க, சேலம் போயிருந்தீங்க. மாரளவு தண்ணி, ஒரு பக்கம் பூராப் படி, புடிச்சு எறங்க ஒரு கம்பின்னாங்க. அடுத்த வாரமே வாரேன்னு சொல்லீட்டுப் போனனுங்க. அப்பறம் அவிங்களே போனப் போட்டு இப்ப வேண்டாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க.”

“சொல்லு மேஸ்திரி.”

அவர் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “‘ரிட்டையர் ஆயி வந்ததுல இருந்து மனுசன் மூஞ்சியே செரியில்ல, மேஸ்திரி. சோறு செரியா உங்கறதில்ல, யாரு கூடயும் பேசறதில்ல. இப்பத்தான் மேசையப் போட்டு உக்காந்து பழையபடி கோடு போட்டுட்டு இருக்காரு. நீ வந்து பத்து நாள்ல கட்டீட்டுப் போயிட்டீன்னா அவரு அப்பறம் என்ன பண்ணுவாரு? பாவம், போட்டு முடிக்கட்டும். எனக்கென்ன அவசரம்?’னாங்க.”

பிறகு மோட்டார் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அளவுநாடா கொண்டுவரவில்லையாம். அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, மார்பு உயரத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறார். சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக அப்படியே இருந்தது. தினமும் இரண்டு முறை மோட்டார் போட அந்த அறைக்குப் போகிறவன் நான். என் டேப்பை எடுத்துவந்து அளந்தேன். மூன்றடி ஐந்தங்குலம்.

உன் வரைபடங்களைப் பார்த்தேன், சாமி. நன்றாக இருக்கின்றன. நடுப்படம் என் ஏழாவது வரைபடத்தைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நீ வீடியோ போட்டுப் பேசும்போது பின்னால் மருமகள் கவிதா ஏதோ சொன்னாளே, உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. “சின்னதா இருந்தாக்கூடப் போதும், இந்தக் கோடைக்குள்ள முடிஞ்சாச் செரி” என்றாள். நீ திரும்பிப் பார்க்காமல், “பிளான் முடியட்டும் கவி, நான் பாத்துக்கறேன்” என்றாய். எனக்கு அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது. ஓட்டு நிறம், வடிகட்டி, மூலை எல்லாம் உன் ஊரில் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்டுக்கொள். வேலி போட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறதாமே, அதை ஒழுங்காகப் போடு, வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஆலோசனை. இன்று சாயங்காலம் கவிதாவைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போ. எங்கே இறங்குவாய் என்று கேள். அவள் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடு. அவள் எதைக் கேட்டாளோ அந்தப் பெயரையே எழுதிக்கொள். அதைவிட நல்ல பெயர் உனக்குத் தெரிந்திருக்கும், அதை எழுதாதே. பிறகு நீயும் நீச்சல் கற்றுக்கொள். உன் மகள் வகுப்புக்குப் போகிறாள் அல்லவா, அதே வகுப்பில் பெரியவர்களையும் சேர்ப்பார்கள். உனக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். அவளைத் தடுத்தவன் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லில் பெயர் பொறிக்க வேண்டாம். அவளுக்கு அது பிடிக்காது. பத்திரிகையில் போடுவதற்கா என்று கேட்பாள்.

குழியை மூடவில்லை. முடிவு எடுத்த செவ்வாய்க்கிழமையே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், நீச்சல் குளத்துக்கு வாங்கிய அனுமதியைத் தொட்டிக்கு மாற்றித் தர மனு கொடுத்தேன். எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தை என்னிடமே நீட்டினார். “தொட்டிக்கெல்லாம் எதுக்குங்க சார் மனு? கட்டிக்கங்க” என்றார். ஆழமான பக்கத்தை மேஸ்திரி மண்ணும் ஜல்லியும் போட்டு மட்டம் செய்தார். பன்னிரண்டடிக்கு எட்டடி. கிழக்குப் பக்கம் முழுக்கப் படி, ஏழு படி, ஒவ்வொன்றும் கால் அதிகம் தூக்காமல் வைக்கும் உயரம். இரண்டு பக்கமும் பிடித்து இறங்கக் கம்பி. ஓடு இல்லை, சிமெண்டுப் பூச்சுதான். செங்கல் கோட்டின் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வெளியேறும் குழாயை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் வந்தால் தென்னைக்குப் போய்விடும். பூச்சு ஈரத்தில் இறுகியதும் தண்ணீர் விட்டோம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழு படியும் இறங்கினேன். எனக்கு இடுப்பு வரை வந்தது.

மேஸ்திரி வேலையைத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. தொட்டியைக் கட்டி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதில் ஒரு நாள் மழை.